குழந்தை வறுமையில் குடும்பத்தின் பங்கு எவ்வளவு? புள்ளிவிவரத்தைப் பிரித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2020-ல் 9.7 சதவீதம். 2021-ல் 5.2. 2022-ல் 12.4. அமெரிக்காவில் வறுமையில் வாழ்ந்த குழந்தைகளின் கணக்கு இது. ஒரே ஆண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, அடுத்த ஆண்டே இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளில் அமெரிக்கக் குடும்பங்கள் திடீரென்று ஒன்றுசேரவும் இல்லை, பிரிந்துபோகவும் இல்லை. எத்தனை குழந்தைகள் தாய் தந்தை இருவரோடும் இருந்தார்கள், எத்தனை பேர் தாயோடு மட்டும் இருந்தார்கள் என்ற விகிதம் அப்படியேதான் இருந்தது.

இதே அமெரிக்காவில் இன்னோர் உண்மையும் உண்டு. கணவரில்லாத தாய் தலைமை தாங்கும் வீட்டுக் குழந்தை வறுமையில் இருக்கும் வாய்ப்பு, மற்ற வீட்டுக் குழந்தையைவிடப் பல மடங்கு அதிகம். கணக்கு கிடைக்கும் முதல் ஆண்டான 1959-லிருந்து ஓர் ஆண்டுகூட இது மாறியதில்லை.

இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே கையில் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் இந்த வழிகாட்டி. மாணவர்களோடு இந்த அட்டவணைகளைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் வகுப்பு இரண்டாகப் பிரிவதைப் பார்க்கிறேன். ஒரு பக்கம், "குடும்பம் சிதைந்ததால்தான் குழந்தைகள் ஏழைகளாகிறார்கள்" என்கிறது. மறுபக்கம், "குடும்பத்தை ஏன் இழுக்கிறீர்கள், கூலியும் அரசும்தான் காரணம்" என்கிறது. எண்களோடு பல ஆண்டுகள் உட்கார்ந்த பிறகு நான் வந்து சேர்ந்த இடம் இது: எந்தக் குழந்தை கிணற்றின் விளிம்புக்கு அருகில் நிற்கிறது என்பதில் குடும்பச் சூழலுக்குப் பெரிய பங்கு உண்டு. கிணற்றைச் சுற்றிச் சுவர் இருக்கிறதா, அது எவ்வளவு உயரம் என்பது வீட்டுக்கு வெளியே தீர்மானமாகிறது. இதை நம்பச் சொல்லவில்லை. கீழே உள்ள படிகளில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், பேனாவும் தாளும் போதும்.

அமெரிக்காவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. 1959 முதல் இடைவெளி இல்லாமல் ஆண்டுதோறும், குடும்ப வகை வாரியாகக் குழந்தை வறுமைக் கணக்கு அங்கே இருக்கிறது.

படி 1: எந்தக் கோட்டை வைத்து அளந்தார்கள் என்று பாருங்கள்

அமெரிக்க வறுமைக் கோட்டை வகுத்தவர் மாலி ஓர்ஷான்ஸ்கி. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றியவர், தாமே ஏழ்மையில் வளர்ந்தவர். 1963-ல் ஏழைக் குழந்தைகளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரைக்காகத்தான் இந்தக் கணக்கை முதலில் போட்டார். நாட்டின் வறுமைக் கோடு பிறந்ததே குழந்தைகளை எண்ணுவதற்காக என்பது எனக்கு எப்போதும் மனத்தில் நிற்கும் செய்தி.

அவர் முறை இதுதான். வேளாண் துறை வகுத்திருந்த மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை எடுத்துக்கொண்டார். அன்றைய குடும்பங்கள் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டதால், அதை மூன்றால் பெருக்கினார். குடும்பத்தில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் குழந்தைகள் என்பதைப் பொறுத்துக் கோடு மாறும். அதன் பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி வருகிறார்கள், அவ்வளவே. இதுதான் அதிகாரபூர்வ அளவுகோல்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வரிக்கு முந்தைய பண வருமானத்தை மட்டுமே இது எண்ணும். உணவு வாங்க அரசு தரும் உதவி, வரிச்சலுகையாக வரும் பணம், வாடகை உதவி எதுவும் கணக்கில் வராது. இந்தக் குறையைத் தீர்க்க 2011 முதல் துணை வறுமை அளவுகோல் என்ற இன்னொன்றையும் வெளியிடுகிறார்கள். அது உதவிகளைக் கூட்டிக்கொள்ளும். வரி, மருத்துவச் செலவு, வேலைக்குப் போவதற்காகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கொடுக்கும் பணம் ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளும்.

நான் தொடக்கத்தில் சொன்ன மூன்று எண்களும் துணை அளவுகோலின்படி வந்தவை. அதிகாரபூர்வ அளவுகோலில் 2020-க்கும் 2021-க்கும் இடையே குழந்தை வறுமை 16 சதவீதத்துக்கு அருகிலிருந்து 15.3-க்கு மட்டுமே அசைந்தது. குழந்தைகளும் வீடுகளும் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. ஆகவே யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், முதல் கேள்வி: எந்தக் கோடு?

படி 2: "குடும்பம்" என்று யாரைச் சேர்த்தார்கள்?

நம் ஊரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருபவர் "சமையல் ஒன்றாகவா, தனியாகவா?" என்று கேட்பார். ஒரே அடுப்பில் உண்பவர்கள் ஒரே குடித்தனம். அமெரிக்க அதிகாரபூர்வ அளவுகோல் அடுப்பைப் பார்ப்பதில்லை. ஒரே வீட்டில் வாழ்வதோடு, இரத்த உறவோ திருமணமோ தத்தெடுப்போ இருந்தால்தான் குடும்பம். திருமணம் செய்யாமல் தாயோடு வாழும் துணைவர் வாடகையைப் பாதி கொடுத்தாலும் அவர் வருமானம் அந்தக் குடும்பத்தின் கணக்கில் சேராது. அந்த வீட்டுக் குழந்தை, பிள்ளைகளோடு தனியே வாழும் தாயின் குழந்தையாகவே பதிவாகும். துணை அளவுகோல் அவரையும் சேர்த்துக்கொள்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. 1960-ல் அமெரிக்காவில் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள் சுமார் 5 சதவீதம். 2008-க்குப் பிறகு சுமார் 40 சதவீதம். அவர்களில் பலர் பிறக்கும்போது தாயும் தந்தையும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். பழைய வரையறையை மாற்றாமல் 60 ஆண்டுகளை ஒப்பிட்டால், வாழ்க்கை மாறியதையும் வறுமை மாறியதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வீட்டுக்குள் வரும் பணம் எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படுகிறது என்று எல்லா அளவுகோல்களும் எடுத்துக்கொள்கின்றன. அப்பாவின் சம்பளம் வீடு வந்து சேர்கிறதா என்று எந்த அட்டவணையும் கேட்பதில்லை.

படி 3: சதவீதத்துக்குப் போகுமுன் ஒரே ஒரு வீட்டின் கணக்கைப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் விளங்கும்.

அமெரிக்க ஒன்றிய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம், ஆண்டின் 52 வாரமும் ஒரு நாள் விடாமல் உழைத்தால் 15,080 டாலர். பல மாநிலங்களில் கூலி இதைவிட அதிகம் என்றாலும், அடித்தட்டின் கணக்கைப் புரிந்துகொள்ள இது போதும். 2021-ன் அதிகாரபூர்வக் கோடுகள் இவை: தனி ஆள் 14,097 டாலர், ஒரு பெரியவரும் இரண்டு குழந்தைகளும் 21,831, இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் 27,479.

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். இருவரும் குறைந்தபட்சக் கூலிக்கு முழு நேரம் வேலை செய்கிறார்கள். வருமானம் 30,160. கோட்டுக்கு மேலே 2,681 டாலர். அட்டவணையில் இந்தக் குழந்தைகள் ஏழைகள் இல்லை.

இப்போது இருவரும் பிரிகிறார்கள். வேலை போகவில்லை, கூலி குறையவில்லை. குழந்தைகள் தாயோடு. தந்தையின் 15,080, தனி ஆளின் கோட்டைவிட 983 டாலர் அதிகம், அவர் ஏழை இல்லை. தாயின் அதே 15,080, மூன்று பேரின் கோட்டைவிட 6,751 டாலர் குறைவு. தாயும் இரண்டு குழந்தைகளும் வறுமையில்.

முன்பு ஒரு வீட்டுக்குத் தேவைப்பட்டது 27,479. இப்போது இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 35,928. அடுப்பு இரண்டு, வாடகை இரண்டு, மின்கட்டணம் இரண்டு. அதே கூலி, தேவை மட்டும் 8,449 டாலர் கூடிவிட்டது. குடும்பம் ஒன்றாக இருந்தால் குழந்தை பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்பவர்களின் வாதத்தில் உள்ள உண்மை இந்த 8,449-ல் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் கணக்கை இங்கே நிறுத்தக் கூடாது. "தந்தை ஜீவனாம்சம் தரட்டும்" என்பார்கள். தரவேண்டும்தான், 1975 முதல் அதை வசூலித்துக் கொடுக்க ஒன்றிய அரசின் ஏற்பாடே இருக்கிறது. இந்தத் தந்தை தன் கோட்டுக்கு மேலே உள்ள 983 டாலரையும் ஒரு காசு விடாமல் கொடுத்தாலும் தாயின் பள்ளம் 5,768 டாலர் மீதம் இருக்கும். இன்னொன்று, அந்தத் தம்பதி பிரியவே இல்லை, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாய் வேலையை விட்டார் என்று வையுங்கள். வருமானம் 15,080, கோடு 27,479. தாலி கழுத்தில் இருக்கிறது, நான்கு பேரும் வறுமையில்.

ஆகவே இங்கே வேலை செய்வது மூன்று: எத்தனை கைகள் சம்பாதிக்கின்றன, எத்தனை வாய்கள் உண்கின்றன, ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன விலை. "குடும்ப அமைப்பு" என்ற சொல் முதல் இரண்டின் சுருக்கம். மூன்றாவதை அது தொடுவதே இல்லை.

படி 4: மாற்றத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு நாட்டின் குழந்தை வறுமை விகிதம் காலப்போக்கில் மாற இரண்டு வழிகள் உண்டு. ஆபத்து அதிகமான வகை வீடுகளில் வாழும் குழந்தைகளின் பங்கு மாறலாம். இது அமைப்பின் விளைவு. அல்லது ஒவ்வொரு வகை வீட்டுக்குள்ளும் வறுமை கூடலாம், குறையலாம். இது ஆபத்தின் விளைவு. இரண்டையும் பிரிக்கப் பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

கைக்கணக்குக்காக எண்களை முழுமையாக்கிக்கொள்வோம். 1959-ல் 100 குழந்தைகளில் சுமார் 9 பேர், கணவரில்லாத தாய் தலைமை தாங்கும் வீடுகளில். அவர்களில் 72 சதவீதம் பேர் வறுமையில். மற்ற 91 பேரில் 22 சதவீதம்.

9 × 0.72 = 6.5
91 × 0.22 = 20.0
மொத்தம் 26.5

2000-ல் அந்த 9 பேர் சுமார் 22 ஆகியிருந்தார்கள். அவர்களின் வறுமை விகிதம் 40-ஆகவும், மற்றவர்களுடையது சுமார் 9-ஆகவும் இறங்கியிருந்தன.

22 × 0.40 = 8.8
78 × 0.09 = 7.0
மொத்தம் 15.8

அதிகாரபூர்வமாக வெளியான விகிதங்களுக்கு மிக அருகில் வந்துவிட்டோம். 41 ஆண்டுகளில் வீழ்ச்சி 10.7 சதவீதப் புள்ளிகள்.

இனி ஒரு கேள்வி. குடும்ப அமைப்பு 1959-ல் இருந்தபடியே உறைந்து நின்று, ஆபத்து மட்டும் 2000-க்கு இறங்கியிருந்தால்? 9 × 0.40 = 3.6, 91 × 0.09 = 8.2, மொத்தம் 11.8. உண்மையில் இருந்தது 15.8. எனவே அமைப்பு மாற்றம் விகிதத்தை 4 புள்ளி மேலே தள்ளியிருக்கிறது.

மறுபுறமாகவும் கேளுங்கள். அமைப்பு மட்டும் மாறி, ஆபத்து 1959-ல் இருந்தபடியே இருந்திருந்தால்? 22 × 0.72 = 15.8, 78 × 0.22 = 17.2, மொத்தம் 33. அதாவது அமைப்பு மாற்றத்தின் பங்கு 6.5 புள்ளி.

4-ஆ, 6.5-ஆ? இரண்டும் சரிதான். எதை முதலில் மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும், ஏனென்றால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. தாய் தலைமை தாங்கும் வீடுகளில் வறுமை கொடூரமாக இருக்கும் காலத்தில் அப்படிப்பட்ட வீடுகள் கூடினால் சேதம் பெரிது. அங்கே வறுமை தணிந்த காலத்தில் கூடினால் சேதம் சிறிது. இதை இரண்டு முறை வாசியுங்கள். குடும்ப அமைப்பின் "விளைவு" என்பது இயற்கை விதித்த நிலையான எண் கிடையாது. அந்த வகை வீட்டில் வாழ்வதற்கு அந்தச் சமூகம் எவ்வளவு தண்டனை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

எந்தத் திசையில் கணக்கிட்டாலும் ஆபத்தின் விளைவுதான் பெரியது: ஒரு வழியில் 14.7 புள்ளி, மறுவழியில் 17.2 புள்ளி கீழே இழுத்திருக்கிறது. குடும்ப அமைப்பை மட்டும் பார்த்து 1959-ல் யாராவது ஆரூடம் சொல்லியிருந்தால், 2000-ல் மூன்றில் ஒரு குழந்தை ஏழை என்று சொல்லியிருப்பார். உண்மையில் ஆறில் ஒன்றுக்கும் குறைவு.

படி 5: காலத்தைத் துண்டுகளாக வெட்டுங்கள்

41 ஆண்டுகளை ஒரே தாவலில் ஒப்பிட்டது ஒரு தொடக்கம்தான். உள்ளே மூன்று வேறுவேறு கதைகள் இருக்கின்றன.

1959-ல் 27.3 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை 1969-ல் 14-க்கு வந்தது. பத்தே ஆண்டில் பாதி. தாயோடு மட்டும் வாழும் குழந்தைகளின் பங்கு அந்தப் பத்தாண்டிலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. கூலி வேகமாக உயர்ந்ததால் அந்த ஏற்றம் கண்ணில் படவில்லை.

அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகள் வலி மிகுந்தவை. தாயோடு மட்டும் வாழும் குழந்தைகள் 1970-ல் 11 சதவீதம், 1980-ல் 18, 1990-ல் 22. அதே காலத்தில் ஆண் தொழிலாளரின் உண்மைக் கூலி (விலைவாசி ஏற்றத்தைக் கழித்த கூலி) தேங்கிப்போனது, 1980-களின் தொடக்கத்தில் பொருளாதாரமும் சரிந்தது. 1983-ல் குழந்தை வறுமை 22.3, 1993-ல் 22.7. குடும்ப அமைப்பு வறுமையை மேலே தள்ளியது என்ற வாதம் மிகவும் பொருந்துவது இந்தக் காலத்துக்கு.

பிறகு வந்ததுதான் பலரும் கவனிக்காதது. 1990-க்குப் பிறகு அந்தப் பங்கு பெரிதாக மாறவே இல்லை. 2020-களின் தொடக்கத்திலும் சுமார் 21 சதவீதம்தான். ஆனால் வறுமை 1993-ல் 22.7-லிருந்து 2000-ல் 16.2-க்கு இறங்கியது, 2010-ல் 22-க்கு ஏறியது, 2019-ல் 14.4-க்கு மறுபடி இறங்கியது. அசையாத ஒன்று இவ்வளவு அசைவுக்குக் காரணமாக இருக்க முடியாது. "குடும்பங்கள் சிதைந்துகொண்டே போகின்றன, அதனால்தான்" என்று 1990-க்குப் பிந்தைய எந்த ஏற்றத்துக்கும் யாராவது விளக்கம் சொன்னால், இந்த ஒரு வரிசையைக் காட்டுங்கள்.

படி 6: எதிர்த்திசையில் இழுத்த குடும்பச் சூழல்களையும் எண்ணுங்கள்

குடும்பச் சூழல் என்றாலே பெற்றோர் சேர்ந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்ப்பது பெரும் தவறு. குறைந்தது இன்னும் மூன்று உண்டு. அவை மூன்றுமே குழந்தைகளுக்குச் சாதகமாக வேலை செய்தன.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. 1960-ல் அமெரிக்கப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 3.6-க்கும் மேல் பிள்ளைகள். 1970-களின் நடுவில் 1.8-க்கும் கீழ். அதே சம்பளம், உண்ணும் வாய்கள் குறைவு.

தாய்மார்களின் படிப்பு உயர்ந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளின் பங்கு வெகுவாகச் சுருங்கியது.

தாய்மார் வேலைக்குப் போனார்கள். இருவர் வாழும் வீட்டில் இரண்டாவது சம்பளம் என்ன செய்யும் என்பதைப் படி 3-ல் பார்த்தோம். 1990-களின் பிற்பாதியில் தனித்து வாழும் தாய்மார்களும் பெருமளவில் வேலைக்குப் போனார்கள்.

இனக்குழு வாரியாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கறுப்பினக் குழந்தைகளின் வறுமையைப் பற்றிய பேச்சு எப்போதும் தனித்தாய் என்ற இடத்திலேயே தொடங்கி முடிகிறது. லத்தீன் அமெரிக்க வழிவந்த குழந்தைகளோ பெரும்பாலும் இரு பெற்றோருடனே வாழ்கிறார்கள். இருந்தும் அவர்களின் வறுமை விகிதம் வெள்ளையினக் குழந்தைகளைவிடத் தொடர்ந்து மிக அதிகம். குறைந்த கூலி, பல வீடுகளில் ஒரே சம்பளம், குடியேற்ற ஆவணம் இல்லாததால் கிடைக்காத உதவிகள்.

படி 7: எது முன்னே வந்தது என்று கேளுங்கள்

1965-ல் தொழிலாளர் துறையில் இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தந்தையில்லா வீடுகள் பெருகுவதை அது மையத்தில் வைத்தது. அன்று மூண்ட விவாதம் இன்றும் ஓயவில்லை. பின்னர் சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: வடக்கு நகரங்களின் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, நிலையான சம்பளமுள்ள ஆண்கள் குறைந்துபோன இடத்தில் திருமணம் எப்படி நடக்கும்?

எனக்கு வில்சனின் பக்கமே அதிகம் சரியாகப் படுகிறது. வேலை போய், கடன் ஏறி, வீட்டில் சண்டை முற்றிப் பிரியும் தம்பதியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளின் வறுமைக்குப் பிரிவு காரணமா, போன வேலை காரணமா? புள்ளிவிவர அட்டவணை பிரிவை மட்டுமே பதிவு செய்கிறது. அடியும் உதையும் தாங்காமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறிய தாயும் அதே கட்டத்தில்தான் எண்ணப்படுகிறார். அவரைப் பார்த்து "சேர்ந்தே இருந்திருந்தால் வறுமை வந்திருக்காது" என்று சொல்ல ஒரு அட்டவணைக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆகவே படி 4-ல் வந்த 4 புள்ளியோ 6.5 புள்ளியோ "பிரிவால் வந்த வறுமை" என்று படிக்கக் கூடாது. அதில் ஒரு பகுதி, வறுமையால் வந்த பிரிவு.

படி 8: ஒரே குழந்தையைப் பல ஆண்டுகள் பின்தொடருங்கள்

ஆண்டு விகிதம் ஒரு நிழற்படம். அதில் இந்த ஆண்டு இருக்கும் ஏழைக் குழந்தையும் சென்ற ஆண்டு இருந்த குழந்தையும் ஒருவரா என்று தெரியாது. இதற்காகவே மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதே குடும்பங்களையும் அவற்றிலிருந்து கிளைத்த குடும்பங்களையும் இன்றுவரை பின்தொடர்கிறார்கள்.

அதிலிருந்து தெரியவந்தது: 18 வயதுக்குள் ஏதோ ஓர் ஆண்டாவது வறுமையில் கழித்தவர்கள் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர். குழந்தைப் பருவத்தில் பாதிக்கு மேல் வறுமையில் கழித்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்.

பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள லாட்ஜை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் பதிவேட்டில் ஏறும் பெயர்களில் பெரும்பாலானவை ஒரு நாள், இரண்டு நாள் தங்கியவர்களுடையவை. ஆனால் ஏதோ ஓர் இரவு கதவைத் தட்டிப் பார்த்தால், அறைகளில் பாதிக்கு மேல் மாத வாடகைக்காரர்கள் இருக்கலாம். வறுமையும் அப்படித்தான். உள்ளே வருபவர்களில் பலர் சீக்கிரம் வெளியேறுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் உள்ளே இருப்பவர்களில் நெடுநாள் தங்கியவர்களே அதிகம்.

எந்த நிகழ்வால் உள்ளே வந்தார்கள் என்பதும் முக்கியம். வேலை இழப்பால் வந்தவர்கள் வேலை கிடைத்ததும் வெளியேறுகிறார்கள். தனித்தாய்க்குப் பிறக்கும்போதே வறுமையில் பிறந்த குழந்தைகள் நெடுநாள் தங்கிவிடுகிறார்கள். குடும்பச் சூழல் மிக ஆழமாகப் பதிவது இந்தக் கால அளவில்தான், ஆண்டு விகிதத்தில் அது முழுதாகத் தெரியாது.

படி 9: அரசின் கையைத் தனியே வைத்துப் பாருங்கள்

1975-ல் உழைக்கும் ஏழைகளுக்கான வரிச்சலுகை ஒன்று வந்தது, 1986, 1990, 1993 ஆண்டுகளில் அதை விரிவாக்கினார்கள். குறைந்த கூலிக்கு வேலை செய்யும் பெற்றோருக்கு அரசே பணத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடு இது. 1996-ல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், ஏழைத் தாய்மாருக்கு நேரடியாகப் பணம் தந்த பழைய திட்டத்தை ஒழித்து, ஐந்து ஆண்டு வரம்பும் வேலை நிபந்தனையும் உள்ள புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. வேலை கிடைத்த தாய்மாருக்கு முன்னேற்றம். வேலை கிடைக்காதவர்களுக்கு, கிடைத்தும் நிலைக்காதவர்களுக்கு, கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.

இனி 2021-க்கு வருவோம். அதற்கு முன்பு குழந்தைக்கான வரிச்சலுகை ஆண்டுக்கு 2,000 டாலர் வரை. ஆனால் வருமானம் மிகக் குறைவாக இருந்தால் முழுத் தொகை கிடைக்காது. யாருக்கு மிகத் தேவையோ அவர்களுக்கே குறைவு. 2021-ல் ஓராண்டுக்கு மட்டும் அதை மாற்றினார்கள். 6 வயதுக்குக் கீழ் 3,600 டாலர், 6 முதல் 17 வரை 3,000. வருமானமே இல்லாத வீட்டுக்கும் முழுத் தொகை. பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் அனுப்பினார்கள், 6 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்காக.

படி 3-ல் பார்த்த தாயிடம் திரும்பிப் போங்கள். அவர் பள்ளம் 6,751 டாலர். பிள்ளைகளுக்கு நான்கு வயதும் எட்டு வயதும் என்றால், இந்தத் தொகை 6,600. பள்ளம் ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அந்த ஆண்டு மார்ச் முதல், அதிக வருமானம் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வந்த தலைக்கு 1,400 டாலரைச் சேர்த்தால் மேடேறிவிடுகிறார். (அதிகாரபூர்வ அளவுகோல் இதைப் பார்க்காது, துணை அளவுகோல் பார்க்கும், அதன் கோடும் சற்று வேறு. ஆனாலும் வழிமுறை இதுதான்.) அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டாவது வேலை தேடவில்லை. அவரைப் போன்ற இலட்சக்கணக்கான வீடுகளின் கணக்கைக் கூட்டினால் வருவதுதான் அந்த 5.2 சதவீதம்.

திட்டத்தை நீட்டிக்க மேலவையில் வாக்கு போதவில்லை. 2022-ல் விகிதம் 12.4. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரே ஆண்டில் கோட்டுக்குக் கீழே போனார்கள். 2023-ல் 13.7. இந்த எண்களை எத்தனையாவது முறை எழுதினாலும் என் கை கொஞ்சம் நிற்கிறது. அது முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது, ஓராண்டு முடிந்திருக்கிறது.

படி 10: நம் ஊர்த் தரவில் முயலும்போது

இதே முறையைத் தமிழ்நாட்டுக்குப் பயன்படுத்த விரும்புபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்.

"பெண் தலைமைக் குடும்பம்" என்ற சொல்லை அப்படியே தூக்கி வராதீர்கள். அமெரிக்க அட்டவணையில் அது கணவர் உடனில்லாத தாயைக் குறிக்கிறது. இங்கே அதே சொல்லுக்குள் கைம்பெண்ணும் இருக்கிறார், கணவரால் கைவிடப்பட்டவரும் இருக்கிறார், கணவர் வளைகுடாவிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் மனைவியும் இருக்கிறார். மூவரின் பிள்ளைகளையும் ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரி எடுத்தால் கிடைப்பது யாருடைய வாழ்க்கையும் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வில், ஒவ்வொரு குழந்தையும் தாய் தந்தையில் யாரோடு வாழ்கிறது, இருவரும் உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்விகள் தனியே உண்டு. அதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, ரேஷன். 2022-23, 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுகள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு சராசரிகளைத் தருகின்றன: அரசு விலையில்லாமல் கொடுத்த பொருள்களின் மதிப்பைச் சேர்க்காமல் ஒன்று, சேர்த்து ஒன்று. ரேஷன் அரிசி முதல் பள்ளி மாணவரின் மிதிவண்டி வரை இரண்டாவதில் வருகின்றன. எந்தச் சராசரியை எடுத்தீர்கள் என்பதை உங்கள் அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.